நிலத்தில் கால் படாத ஆட்டம்: வோட்டர் போலோ உலக சம்பியன்ஷிப்பை எப்படிப் பார்ப்பது?

"அண்ணை, இவங்கள் நிலத்தில நிண்டுகொண்டா எறியிறாங்கள்?"

2025 ஜூலையில், சோளகம் பிடித்து வீசிய ஒரு பின்னேரம். குளக்கட்டில் குந்தியிருந்து கைபேசியில் சிங்கப்பூர் உலக சம்பியன்ஷிப் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெடியன் கேட்ட கேள்வி இது. திரையில் ஒருவன் இடுப்புத் தெரியுமளவுக்குத் தண்ணீருக்கு மேலே எழும்பி, பந்தை ஒற்றைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி, எந்தப் பக்கம் எறியலாம் என்று ஆறுதலாகப் பார்த்துக்கொண்டிருந்தான். இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறான் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அவன் நிற்கவில்லை. அவனுக்குக் கீழே ஏறத்தாழ இரண்டு மீற்றர் தண்ணீர். தடாகம் குறைந்தது 1.8 மீற்றர் ஆழமாக இருக்கவேண்டும் என்பது விதி. பெரிய போட்டிகளில் அதைவிட ஆழம். ஒரு கால்பகுதிக்கு எட்டு நிமிடம், அப்படி நான்கு கால்பகுதி. இடையில் பந்து நிற்கும்போதெல்லாம் மணிக்கூடும் நிற்பதால் ஆட்டம் முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். தண்ணீரில் இருக்கிற நேரம் முழுக்க ஆட்டக்காரனின் கால் எதிலும் படாது. அடியைத் தொட்டு எழும்பினாலோ சுவரை உதைத்துப் பாய்ந்தாலோ குற்றம்.

வோட்டர் போலோ என்பது தண்ணீரில் மிதந்தபடி பந்தை எதிரணிக் கோலுக்குள் எறிகிற ஆட்டம். அதில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். மற்ற விதிகளில் பாதி இதிலிருந்து முளைத்தவை.

குளத்தில் நீந்திப் பழகிய எங்களுக்குத் தண்ணீரில் நிமிர்ந்து மிதப்பது புதிதல்ல. சைக்கிள் மிதிப்பதுபோலக் காலை உதைப்போம், கையால் தண்ணீரை அளைவோம். ஆனால் கையைத் தூக்கிப் பாருங்கள், மூக்கு வரைக்கும் தாழ்ந்துபோவீர்கள். இந்த ஆட்டத்தில் கை பந்துக்குத் தேவை, எதிராளியைத் தடுக்கத் தேவை. ஆகவே முழுப் பாரத்தையும் கால்கள்தான் தாங்கவேண்டும். அதற்கு அவர்கள் செய்யும் உதை வேறு மாதிரி. கதிரையின் நுனியில் இருந்து முழங்கால்களை அகட்டுங்கள். வலது பாதத்தால் ஒரு பக்கமும் இடது பாதத்தால் மறுபக்கமும் வட்டம் போடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் அல்ல, ஒன்று முடிய மற்றது. முட்டை அடிக்கிற கருவியில் இரண்டு கம்பிச் சுருளும் எதிரெதிராகச் சுழலுமே, அதே அசைவு; இந்த உதைக்கும் அந்தக் கருவியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கதிரையில் இருந்து செய்தாலே இரண்டு நிமிடத்தில் தொடை கடுக்கும். தண்ணீருக்குள், மேலே ஒருவன் தொங்கிக்கொண்டிருக்க, ஒரு மணித்தியாலம் செய்வதை யோசித்துப் பாருங்கள்.

எப்போதும் ஒரு கால் தண்ணீரை அழுத்திக்கொண்டிருப்பதால் உடம்பு மேலும் கீழும் ஆடாமல் ஒரே மட்டத்தில் நிற்கிறது. பெடியன் "நிற்கிறான்" என்று நினைத்தது அதனால்தான்.

சரி, களம். ஒரு அணிக்கு ஏழு பேர் தண்ணீரில் இருப்பார்கள், அதில் ஒருவர் கோல் காப்பாளர். ஒரு அணிக்கு வெள்ளைத் தொப்பி, மற்ற அணிக்குக் கடும் நிறத் தொப்பி, காப்பாளர்கள் இருவருக்கும் சிவப்பு. தொப்பியில் காதுக்கு நேரே பிளாஸ்ரிக் கவசம் இருக்கும். ஓங்கி எறிந்த பந்து காதில் பட்டால் செவிப்பறை போய்விடும். கோல் 3 மீற்றர் அகலம், தண்ணீருக்கு மேலே 90 சென்ரிமீற்றர் உயரம். ஆண்களின் பந்து 400 முதல் 450 கிராம் வரை, உதைபந்தை ஒத்த பருமன். அதை ஒற்றைக் கையால்தான் பிடிக்கலாம், எறியலாம். இரண்டு கையும் காப்பாளருக்கு மட்டும், அதுவும் தன் கோலுக்கு அண்மையில். ஆண்களின் களம் நெடுங்காலம் 30 மீற்றர் நீளமாக இருந்தது; 2025 முதல் 25 மீற்றராகச் சுருக்கி, ஒரு அணி பந்தை வைத்திருக்கக்கூடிய நேரத்தையும் 30 செக்கனிலிருந்து 25 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஆட்டம் வேகமாகட்டும் என்பதுதான் நோக்கம். வேகமாகியிருக்கிறது, சந்தேகமில்லை.

ஒவ்வொரு கால்பகுதியும் தொடங்கும்போது இரண்டு அணியும் தத்தம் கோல் கோட்டில் நிற்க, பந்தை நடுவில் விடுவார்கள். விசில் ஊதியதும் ஒவ்வொரு பக்கத்தாலும் ஒருவர் பாய்ந்து நீந்துவார். நீச்சல் போட்டியில்போல முகத்தைத் தண்ணீருக்குள் புதைத்து நீந்துவது ஆட்டத்துக்கு நடுவே உதவாது. பந்து எங்கே, ஆள் எங்கே என்று தெரியவேண்டும். அதனால் முதலை மாதிரித் தலையை வெளியே வைத்துக்கொண்டே நீந்துகிறார்கள்.

பெயரில் ஏன் போலோ? குதிரைமேல் ஆடும் போலோவின் பெயரைத்தான் இரவல் வாங்கியிருக்கிறார்கள். அந்தச் சொல்லும் பந்தைக் குறிக்கிற 'புலு' என்ற, பாகிஸ்தானின் வடக்கில் பேசப்படும் பல்தி மொழிச் சொல்லில் இருந்து வந்தது. தண்ணீர் ஆட்டம் 19ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியாவில் பிறந்தது. 1870களில் ஸ்கொட்லாந்துக்காரரான வில்லியம் வில்சன் அதற்கு விதிகள் எழுதினார். ஆண்களுக்கு 1900 பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே இடம் கிடைத்துவிட்டது. பெண்கள் 2000 சிட்னி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏன் இவ்வளவு விசில்?

புதிதாகப் பார்ப்பவர்களை அலுக்க வைப்பது இதுதான். நிமிடத்துக்குப் பல தடவை விசில் ஊதுகிறது, ஆனால் யாரும் நிற்பதாகத் தெரியவில்லை. நானும் முதல் தடவை பாதியில் மூடிவிட்டுப் போனவன்தான்.

இங்கே ஒரு வேடிக்கையான விதி இருக்கிறது. பந்தைக் கையில் வைத்திருப்பவனை எதிராளி பிடிக்கலாம், அமுக்கலாம், மேலே ஏறிப் பறிக்கலாம். குற்றமில்லை. ஆனால் அவன் பந்தைக் கையிலிருந்து விட்டுவிட்டால், அது அவனுக்கு முன்னால் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தாலும், அவனைத் தொந்தரவு செய்யக்கூடாது. செய்தால் குற்றம், பந்து அவனுக்கே திரும்பும், தடையில்லாமல் எறியலாம்.

இதைத் தலைகீழாக யோசித்தால் ஆட்டக்காரர்களின் தந்திரம் விளங்கும். எதிராளி முதுகில் ஏறுகிறான் என்று தெரிந்ததும் பந்தைக் கைவிடுகிறார்கள். அவன் கையை எடுக்குமுன் விசில் ஊதிவிடும். நெருக்கடியிலிருந்து தப்பி, அமைதியாகப் பந்தை எடுத்து அடுத்தவனுக்குக் கொடுக்கலாம். ஆகவே அந்த விசில்களில் பெரும்பகுதி சாதாரண விடயம். ஊதியதும் ஆட்டம் அப்படியே தொடரும். கரைக்கு வெளியே இருந்து பார்ப்பவருக்குச் சண்டை மாதிரி, உள்ளே இருப்பவர்களுக்கு அது ஒருவகைக் கொடுக்கல் வாங்கல். ஆறு மீற்றர் கோட்டுக்கு வெளியே இப்படிக் குற்றம் நடந்தால் அங்கிருந்தே நேராகக் கோலுக்கும் எறியலாம்.

பெரிய குற்றம் வேறு. பந்தில்லாதவனைப் பிடித்து இழுத்தால், அமிழ்த்தினால், பின்னால் பற்றிக்கொண்டால், செய்தவன் 18 செக்கன் வெளியே. (முன்னர் 20 செக்கன்.) தன் பக்க மூலையில் போய்க் காத்திருக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் காப்பாளரை விட்டால் ஆறு பேருக்கு எதிராக ஐந்து பேர். அதற்குள் கோல் விழுந்தாலோ, தன் அணிக்குப் பந்து கிடைத்தாலோ முன்கூட்டியே உள்ளே வரலாம். மூன்று தடவை பெரிய குற்றம் செய்தவனுக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது, அவனுக்குப் பதில் வேறொருவர் இறங்குவார்.

கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இந்த 18 செக்கனின் பெறுமதி இலகுவாகப் பிடிபடும். ஒரு கோட்டைக் காக்கிறவன் இல்லாமல் போனால் மற்றவர்கள் எவ்வளவு ஓடினாலும் அந்த இடைவெளி அடைபடாது. இங்கேயும் தாக்குகிற அணி ஆறு பேரையும் கோலைச் சுற்றி வளைவாக நிறுத்தி, பந்தைத் தண்ணீரில் படவிடாமல் கையிலிருந்து கைக்கு வேகமாகச் சுற்றும். தடுப்பவர்கள் ஐவரும் கையை உயர்த்தியபடி பந்து போகிற பக்கமெல்லாம் சாய்ந்து சாய்ந்து வருவார்கள். ஒருவர் அரைச் செக்கன் பிந்தினால் போதும். பெரிய போட்டிகளில் வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் இந்த ஆறுக்கு ஐந்து நேரத்தில் தீர்மானமாகிறது. யார் கூடக் கோல் அடித்தது என்பதைவிட, கிடைத்த இந்தச் சந்தர்ப்பங்களில் எத்தனையைக் கோலாக்கினார்கள் என்பதைப் பயிற்றுநர்கள் கவனமாக எண்ணுவது அதனால்தான்.

கோலுக்கு முன்னால் இருக்கிற ஆளைப் பாருங்கள்

இனி என் ஆலோசனை. பந்தைப் பின்தொடராதீர்கள். எதிரணிக் கோலுக்கு இரண்டு, மூன்று மீற்றர் முன்னால், கோலுக்கு முதுகு காட்டியபடி ஒருவர் இருப்பார். அணியிலேயே பெரிய உடம்பு பெரும்பாலும் அவருடையது. நடு ஆட்டக்காரர் என்று சொல்லலாம். அவருக்குப் பின்னால் ஒருவர் கட்டிப்பிடித்தபடி, அநேகமாக அதே பருமனில், அவரை அங்கிருந்து தள்ளப் பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீருக்கு மேலே இரண்டு தலை தெரியும். கீழே எருமைச் சண்டை.

மற்ற ஐந்து பேரும் இவருக்குப் பந்து சேர்க்கத்தான் பாடுபடுகிறார்கள். பந்து அவர் கைக்குப் போனால் மூன்று விதமாக முடியலாம். அவர் திரும்பிக் கோல் அடிப்பார். அல்லது பின்னால் இருப்பவன் வேறு வழியில்லாமல் இழுத்துப் பிடித்து 18 செக்கன் வெளியே போவான். அல்லது இவரே எதிராளியைத் தள்ளியதாக மத்தியஸ்தர் முடிவெடுத்துப் பந்தைப் பறித்துக் கொடுப்பார். மூன்றாவது தீர்ப்புத்தான் பயிற்றுநர்களைக் கரையோரம் துள்ள வைப்பது. தண்ணீருக்குக் கீழே நடப்பது கரையில் நடக்கிற மத்தியஸ்தருக்கு முழுதாகத் தெரியாது. அவர்கள் இரண்டு பேர், பக்கத்துக்கு ஒருவராக. கையும் தோளும் சாய்கிற விதத்தை வைத்து ஊகித்துத்தான் ஊதுகிறார்கள்.

ஆட்டத்துக்கு முன்னர் ஆட்டக்காரர்களின் நகத்தைப் பரிசோதிக்கும் வழக்கம் உண்டு, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கையை நீட்டச் சொல்வதுபோல. நீச்சல் உடையையும் சிலர் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு போடுகிறார்கள். இழுபறியில் மேலே உள்ளது கிழிந்தால் மானம் காக்க உள்ளே ஒன்று.

கோலுக்கு மிக அருகில் ஒருவனைக் குற்றமாகத் தடுத்துக் கோல் வாய்ப்பைக் கெடுத்தால் பெனால்டி. ஐந்து மீற்றரில் இருந்து, விசில் ஊதியதும் தாமதமில்லாமல், ஏமாற்றுச் சைகை எதுவும் காட்டாமல் எறியவேண்டும். பெரும்பாலும் கோல்தான்.

உலக சம்பியன்ஷிப் என்பது எது?

பெயர்கள் குழப்பும். ஒலிம்பிக் ஒன்று, நான்கு ஆண்டுக்கொரு தடவை. உலகக் கிண்ணம் இன்னொன்று, 1979இல் தொடங்கியது. நான் சொல்வது உலக சம்பியன்ஷிப். நீச்சல், முக்குளிப்பு எல்லாவற்றோடும் சேர்த்து, முன்னர் ஃபினா என்றும் இப்போது வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ் என்றும் அழைக்கப்படுகிற சர்வதேச சம்மேளனம் நடத்தும் பெருவிழாவின் ஒரு பகுதி. முதலாவது 1973இல் பெல்கிரேட்டில் நடந்தது, ஹங்கேரி வென்றது. 2001இல் இருந்து இரண்டு ஆண்டுக்கொரு தடவை என்பது கணக்கு. கொரோனாவால் தள்ளிப்போனவை சேர்ந்து 2022, 2023, 2024, 2025 என்று நான்கு ஆண்டும் தொடர்ந்து வந்துவிட்டன. பாவம், ஆட்டக்காரர்கள்.

16 நாடுகள், நான்கு நாடுகள் கொண்ட நான்கு குழுக்கள். குழுவில் முதலாவது வந்தால் நேரே கால் இறுதி. இரண்டாவதும் மூன்றாவதும் வந்தவர்கள் வேறு குழுக்காரர்களோடு மேலதிக ஆட்டம் ஒன்றில் மோதி, வென்றால்தான் கால் இறுதி. நான்காவது வந்தவர்கள் 13 முதல் 16 வரையான இடங்களுக்கு ஆடுவார்கள். குழுவில் முதலிடத்துக்கு அணிகள் அப்படி அடிபடுவதற்குக் காரணம் ஒரு நாள் ஓய்வு. இந்த ஆட்டத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது தொடைக்குக் கிடைக்கும் வரம். வெளியேற்றுச் சுற்றில் சமநிலை வந்தால் மேலதிக நேரம் கிடையாது, நேரே பெனால்டி எறிகள். 2022 இறுதியில் ஸ்பெய்ன் இத்தாலியையும், 2023 இறுதியில் ஹங்கேரி கிரேக்கத்தையும் அப்படித்தான் வென்றன.

2025 சிங்கப்பூரில் ஸ்பெய்ன் ஹங்கேரியை 15–13 என்று வென்றது. தமிழும் ஆட்சிமொழியாக இருக்கிற நாட்டில் நடந்த போட்டி என்பதால் எனக்கு ஒரு தனிப் பிடிப்பு. சிங்கப்பூர் அணி தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் 1965இல் இருந்து 2017 வரை விடாமல் தங்கம் எடுத்துவந்தது. போட்டியை நடத்தும் நாடு என்பதால் உலக சம்பியன்ஷிப்பிலும் இறங்கியது. இறங்கியபிறகுதான் ஐரோப்பிய அணிகளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள தூரம் தெரிந்தது.

அந்தத் தூரம் சாதாரணமானதல்ல. 1973 முதல் 2025 வரை ஆண்களுக்கு 22 சம்பியன்ஷிப் நடந்திருக்கிறது. 22 தங்கமும் ஐரோப்பாவுக்கு. தங்கம் மட்டுமல்ல, வெள்ளியும் வெண்கலமும்கூட ஒன்றுதானும் வெளியே போகவில்லை. ஹங்கேரி, இத்தாலி, ஸ்பெய்ன் மூன்றுக்கும் தலா நான்கு, குரோஷியாவுக்கு மூன்று. அமெரிக்கா 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் எடுத்தது, ஆனால் இந்தப் போட்டியில் ஆண்கள் பிரிவில் அவர்களுக்கும் பதக்கமில்லை. ஆசியாவில் ஜப்பான்காரர்கள்தான் ரசிக்கத் தக்கவர்கள். உடம்பால் முட்டி வெல்ல முடியாது என்று தெரிந்து, பந்து வரும் வழியை மறித்துப் பறித்து, பறித்த கையோடு நீந்தி ஓடிவிடுகிறார்கள்.

ஏன் இந்தச் சில நாடுகள்? ஹங்கேரியில் கடல் இல்லை, ஆனால் நிலத்துக்குக் கீழே வெந்நீர் ஊற்றுகள் நிறைய. புடாபெஸ்டில் பனிக்காலத்திலும் திறந்த வெளியில் நீந்தலாம். சேர்பியா, குரோஷியா, மொன்டினீக்ரோ மூன்றும் பழைய யூகோஸ்லாவியாவின் துண்டுகள். 1991 ஜனவரியில் பேர்த் நகரில் யூகோஸ்லாவியா தங்கம் வென்றது. அதே ஆண்டு நாடு உடையத் தொடங்கியது. ஒரே தொப்பியோடு ஆடியவர்கள் பிறகு எதிரெதிர் கோல்களுக்கு ஆடினார்கள். இந்த மூன்று துண்டும் உலகத்தரமான அணியாக நின்றன. சேர்பியா 2016, 2020, 2024 என்று மூன்று ஒலிம்பிக் தங்கத்தையும் தொடர்ந்து எடுத்தது.

அரசியல் இந்தத் தண்ணீருக்குள் இறங்கிய நாளும் உண்டு. 1956இல் சோவியத் டாங்கிகள் ஹங்கேரியின் எழுச்சியை நசுக்கிச் சில வாரங்களில், டிசம்பர் 6ஆம் தேதி, மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் இரண்டு நாடுகளும் மோதின. ஹங்கேரி 4–0 என்று முன்னால் நின்றது. கடைசி நிமிடங்களில் ஹங்கேரியின் எர்வின் சாடோரின் கண்ணோரம் விழுந்த குத்தில் தோல் பிளந்தது. இரத்தம் வழிய அவர் தடாகத்தை விட்டு ஏறியதைக் கண்ட பார்வையாளர்கள் கொதித்தெழ, ஆட்டத்தை முடிவுக்கு முன்னரே நிறுத்தவேண்டியதாயிற்று. ஹங்கேரி வென்றதாக அறிவித்தார்கள். பிறகு தங்கமும் அவர்களுக்கே.

இலங்கையில் கொழும்பு, கண்டிப் பக்கம் சில பாடசாலைகள் இதை ஆடுகின்றன. வன்னியில் குளத்துக்குப் பஞ்சமில்லை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் குளம் வேறு, தடாகம் வேறு. குளத்தடியில் சேறும் பட்ட மரக் குற்றியும் தாமரைக்கொடியும் இருக்கும், சில இடங்களில் முதலையும் இருக்கும். வான்கதவுப் பக்கமோ துருசுப் பக்கமோ இறங்கவே கூடாது. அடுத்த உலக சம்பியன்ஷிப் 2027இல் புடாபெஸ்டில். அதைப் பார்க்கக் கைபேசியும் கொஞ்சம் டேட்டாவும் காணும்.

பெடியன் ஆட்டத்தைப் பார்த்து முடித்ததும் சும்மா இருக்கவில்லை. அடுத்த நாள் நாங்கள் வழக்கமாகக் குளிக்கிற படித்துறையில், கழுத்தளவுக்குக் கொஞ்சம் மேலான ஆழத்தில், வெறும் எண்ணெய்க் கான் ஒன்றை ஒற்றைக் கையில் தூக்கிப் பிடித்தான். மற்றக் கையைத் தண்ணீரில் வைக்கக்கூடாது என்று தானே விதி போட்டான். "18 செக்கன் எண்ணுங்கோ அண்ணை" என்றான். எண்ணினேன். ஏழில் கான் மட்டும் மிதந்தது. இருமிக்கொண்டு மேலே வந்தவன், கால் நிலத்தில் படவில்லை என்று சத்தியம் செய்தான். பெருவிரலில் ஒட்டியிருந்த சேற்றை நான் காட்டவில்லை.